பெரிய தொரையும் பிரெஞ்சுப் புரட்சியும்

அவளுக்குப் படித்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. நாலு பக்கம் படித்து முடித்தால் அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் நாய்க்குச் சொல்வாள். ஹொஸ்டல் வாசலில் படுத்துக் கிடக்கும் வெள்ளை நாயைப் பரீட்சைக்கு அனுப்பினால் கிரேக்க நகர அரசுகளில் அது முதல் வகுப்பு எடுக்கும் என்று நாங்கள் கேலி செய்வோம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

“நடுவுல எந்திரிச்சுப் போகாம கேக்குறது அது ஒண்ணுதாங்கா” என்பாள்.

பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் ‘என்னையக் கேக்காம எப்பிடி எழுதுனீங்க’ என்று சண்டைக்கு வருவாள். வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். கல்யாணம் கட்டி ஹல்துமுல்லைப் பக்கம் போனபிறகு போன் நம்பரை மாற்றிவிட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பறையிலிருந்து அதிகச் சத்தம் வருகிறதோ, அதுதான் அவளுடைய வகுப்பாக இருக்கும்.

என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஹொஸ்டலில் ஒரு வருடம் இருவருக்கும் ஒரே அறை. அவள் பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கிறவர். நான் பதுளை பஜாரில் புடவைக்கடைக்காரரின் மகள். அறைக்குள் வந்த முதல் நாளே என் மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். மஞ்சள், பச்சை, ரோஸ், நீலம் என்று நான்கு ஹைலைட்டர் வைத்திருந்தேன். அதிலே மஞ்சளுக்குத்தான் வேலை அதிகம்.

“அக்கா, இந்தப் பக்கத்துல முக்கியமில்லாதது எதுன்னு பாத்து அதுக்குக் கோடு போட்டிருந்தா மை மிச்சமாயிருக்குமே?”

அன்றைக்கே அவளை அறையைவிட்டுத் துரத்தியிருக்க வேண்டும். ஏனோ சிரிப்பு வந்துவிட்டது.

அவள் புத்தகம் படிக்கும் விதமே கோணல். முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்புவாள். அதிகாரத்தின் தலைப்புகளை மட்டும் ஓட்டமாகப் பார்த்துவிட்டு, ‘இந்த மனுசன் என்னத்தச் சொல்ல வாராரு?’ என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். பிறகு ஒரு துண்டு படிப்பாள். புத்தகத்தை மூடிக் குப்புறக் கவிழ்த்து வைப்பாள். உடனே வாய் திறக்கும். சொல்லிக்கொண்டே போகும்போது எங்காவது தடுக்கினால், அந்த இடத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் கவிழ்ப்பாள். மறுநாள் காலையில் புதுசாக எதையும் தொடுவதற்கு முன்னால், பல் விளக்கிக்கொண்டே நேற்றையதை ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாள். வாயில் நுரையோடு அவள் சொல்வது ஒருவருக்கும் விளங்காது. அவளுக்கு விளங்கினால் போதும்.

“வாயில வரலேன்னா நீங்க இன்னும் படிக்கலக்கா.” இதை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை.

ஒரு தடவை பதுளையிலிருந்து பசறை பஸ்ஸில் இருவரும் ஏறினோம். ஜன்னலோரம் நான், நடுவில் அவள், அந்தப் பக்கம் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. இவள் மடியில் புத்தகம். பஸ் இரண்டு வளைவு திரும்புவதற்குள் புத்தகம் கவிழ்ந்தது. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி, ஊரே பட்டினி கிடந்து, சனங்கள் கப்பலேறிப் போன கதை. அந்த அம்மா முதலில் தலையை ஆட்டினார். பிறகு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, வேற ஒண்ணுமே வெதைக்கலயா அந்தச் சனம்?” என்று கேட்டார். இவள் திகைத்துப்போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். வேறு பயிரும் விளைந்ததாம். அது வாடகைக்கும் ஏற்றுமதிக்கும் போய்விட்டதாம். அதை அவள் சொல்லி முடிக்கும்போது பஸ் எங்கேயோ போய்விட்டிருந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, “அம்மே, நீங்க எறங்குற எடம் எப்பவோ போயிருச்சு” என்றார்.

அந்த அம்மா கோபிக்கவில்லை. அடுத்த தரிப்பில் இறங்கும்போது, “பரவால்ல புள்ள, நல்லாப் படி” என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். இவள் என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா, அந்தக் கேள்வி பரீச்சையில கட்டாயம் வரும்” என்றாள். வந்தது.

எனக்குத்தான் பரீட்சை என்றாலே பயம். ஐரோப்பிய வரலாறு என்ற ஒரே பாடத்தில் நான் இரண்டு தடவை விழுந்திருந்தேன். என்னோடு கேம்பஸுக்கு வந்த பெட்ச்சில் எல்லோரும் பட்டத்தை வாங்கிப் படத்துக்குச் சட்டமும் போட்டுவிட்டார்கள். நான் மட்டும் இந்த ஒன்றுக்காக நின்றேன். மூன்றாம் தடவைதான் கடைசி. அதிலும் விழுந்தால் பட்டமே இல்லை. அப்பா திட்டவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் தடவை நான் எழுதவேண்டியது அவளுடைய பெட்ச்சோடு. ஸ்டடி லீவு விட்டதும் பதுளை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“கடைக்கு மேல இருந்துக்கிட்டு என்னா படிப்பீங்க? கீழ துணி கிழிக்கிற சத்தம், மேல ஒங்க மாமி சத்தம். எங்க வீட்டுக்கு வாங்கக்கா.”

“லயத்திலயா?” என்று அம்மா இழுத்தார். அப்பாதான், “போகட்டும், அந்தப் பிள்ளையோட சேந்தாவது பாஸாகட்டும்” என்றார்.

நான் அமைதியைத் தேடிப் போனேன். லயம் என்பது ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக உள்ள வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் காம்பரா என்பார்கள். அவளுடைய லயம் பழையது. காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்கே தும்மினால் மூன்றாம் காம்பராவில் ‘நூறு வயசு’ என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வாய்விட்டுப் படிக்கிற ஒருத்தி பிறந்து வளர்ந்திருக்கிறாள் என்றால், அந்தச் சனங்கள் எவ்வளவு படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் நாள் பின்னேரம் வேலை முடிந்து எல்லோரும் வந்து, தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு குரல் சுவருக்கு மேலாக வந்தது.

“கேம்பஸ் புள்ள! நேத்து எங்க வுட்ட?”

அது அத்தை. சொந்த அத்தை இல்லை, பக்கத்து வீட்டு அத்தை. இவள் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள். “பெரிய தொரை பெரட்டுக் கூப்புட்டாருல்ல, அதுல வுட்டேன்!”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன தொரை, என்ன பெரட்டு? கொஞ்ச நேரம் கேட்டபிறகுதான் பிடிபட்டது. பிரான்ஸில் நடந்ததை எல்லாம் அவள் தோட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். வாயில் நுழையாத பெயரைச் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது என்பது அவள் கட்சி. அதனால் ராஜா, தோட்டத்தை நடத்துகிறவரைப்போல, பெரிய தொரை ஆகிவிட்டார். ராணி தொரைசாணி. நிதி மந்திரி கணக்கப்பிள்ளை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கக் கூட்டத்தைக் கூட்டுவார்களே, அந்தப் பெரட்டுதான் ராஜா பல காலத்துக்குப் பிறகு கூட்டிய சபை. குருமார் ஒரு பக்கம், பிரபுக்கள் ஒரு பக்கம், மற்ற சனமெல்லாம் ஒரு பக்கம். சனம் எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஓட்டு.

“அது என்னா நாயம்? நாங்க இத்தன பேரு, எங்களுக்கும் ஒரு ஓட்டு, அவனுங்களுக்கும் ஒரு ஓட்டா?” எல்லோரும் மாமா என்று கூப்பிடும் பெரியவர் கடைசிக் காம்பராவிலிருந்து கத்தினார். ஐந்து சுவர் தாண்டி அவர் குரல் வரும். தோட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பின்னேரம் இந்தக் கதைக்காகவே சவரம் செய்துகொண்டு உட்கார்வாராம்.

“அதத்தான் மாமா அந்தச் சனமும் கேட்டிச்சு!” என்றாள் இவள். முகமெல்லாம் சிரிப்பு.

நான் என் மஞ்சள் புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தேன். இரண்டு வருடமாக நான் கோடு போட்டு வைத்திருந்த பத்தி அது. அதற்குள் இப்படி ஒரு சண்டை இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

தினமும் இதுதான். அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், “நாளைக்கிச் சொல்றேன்” என்று வெட்கமில்லாமல் சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குள் தலையைவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை, பறித்த கொழுந்துக்குக் கையோடு காசு தரும் கைக்காசு வேலைக்கு அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனாலும் விடமாட்டார்கள். பக்கத்து நிரையிலிருந்து, “தொரைசாணி என்னா ஆனா?” என்று கேட்பார்கள். இவள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே தொரைசாணியின் செலவுக் கதையைச் சொல்வாள். இரண்டும் நடக்கும்.

அந்த நாளும் வந்தது. அங்குள்ள சனம் தின்னும் ரொட்டி, நம் பாண், விலை ஏறி, பாரிஸ் பெண்கள் எல்லாம் கூட்டமாக மழையில் நடந்தே அரண்மனைக்குப் போன கதையை அவள் எடுத்த நேரம், இங்கேயும் மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆனால் லயத்துப் பெண்கள் இதை விடுவார்களா? “சத்தமாச் சொல்லு! சத்தமாச் சொல்லு!” என்று எல்லாக் காம்பராவிலிருந்தும் கூச்சல். அவள் எழுந்து நின்று, கையைக் குவித்து வைத்துக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். பெண்கள் அரண்மனைக்குள் புகுந்து, பெரிய தொரையையும் தொரைசாணியையும் வண்டியில் ஏற்றிக் கையோடு பாரிஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது லயமே தட்டைத் தட்டியது.

மறுநாள் காலையில் அவளுக்குக் குரல் இல்லை.

பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பரீட்சை முடியும்வரை வாயைத் திறக்கவே கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் சத்தமில்லாமல் அழுதாள். அவளைச் சத்தமில்லாமல் பார்ப்பதே எனக்குத் தாங்கவில்லை.

பின்னேரம் வழக்கம்போல அத்தையின் குரல் வந்தது. “கேம்பஸ் புள்ளைக்கி தொண்ட கட்டிருச்சாமே? அப்ப பதுளப் புள்ள சொல்லட்டும்!”

பதுளைப் பிள்ளை என்பது நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்தாலே தடுமாறுகிறவள் நான். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் என் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்தாள், மூடினாள், குப்புறக் கவிழ்த்தாள். அதன்மேல் ஏறி உட்கார்ந்தும்கொண்டாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். “பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸின் சமூக, பொருளாதாரக் கட்டமைப்பானது…”

“என்னாம்மா, நியூஸா வாசிக்குது?” என்று மாமா கேட்டார்.

லயம் முழுக்கச் சிரிப்பு. இவள் தோள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தைதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நிதானமாகச் சொன்னார்: “புள்ள, யாரு என்னா செஞ்சான், ஏன் செஞ்சான்னு மட்டும் சொல்லு. அது போதும்.”

சொன்னேன். பெரிய தொரை குடும்பத்தோடு வேஷம் போட்டுத் தப்பி ஓடிய கதை. பெரிய வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போய், எல்லைக்குக் கிட்டே மாட்டிக்கொண்டார்கள் என்றேன்.

“தப்பிச்சு ஓடுறவன் பொட்டி படுக்கையோடயா போவான்? ஏன் அப்பிடிப் போனான்?”

“நாளைக்கிச் சொல்றேங்க மாமா” என்றேன். அவளுடைய வார்த்தை என் வாயில் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். ஹைலைட்டரைத் தேடவே இல்லை. மாமாவுக்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது.

நான் சொல்லும்போது அவள் நடுவில் குறுக்கிட மாட்டாள். நிறுத்தினால் கதை செத்துப்போகும் என்று நினைப்பவள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து போனில் எதையோ தட்டிக்கொண்டிருப்பாள். லயத்தில் சிக்னல் கிடையாது. காலையில் கோயில் வளைவுக்கு நடந்து போனால்தான் கிடைக்கும். அங்கே போய் நின்றதும் என் போன் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கும். நேற்று நான் விட்ட பிழை எல்லாம் வரிசையாக வந்து விழும். ‘அது முந்தி நடந்தது.’ ‘அவன் மந்திரி இல்ல.’ ‘ஏன்னு சொல்லல.’ ‘மாமாவ ஏமாத்திட்டீங்க.’ பக்கத்திலேயே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். லயத்துக்குத் திரும்பி நடக்கும் வழியில் அதை எல்லாம் திருத்தி மறுபடியும் அவளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடக்க விடமாட்டாள். வழியை மறித்து நிற்பாள்.

பரீட்சை வந்தது. மன்னராட்சி ஏன் விழுந்தது என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதினேன், எழுதினேன், எழுதிக்கொண்டே போனேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு தடவை நிமிர்ந்து வாசித்துப் பார்த்தேன். ‘வேறு வழியில்லாமல் பெரிய தொரை பெரட்டைக் கூட்டினார்’ என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அவசரமாக வெட்டி மன்னர் என்றும் சபை என்றும் எழுதினேன்.

மண்டபத்துக்கு வெளியே அவள் நின்றாள். குரல் பாதி திரும்பியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன்.

“தொரைசாணிய வெட்டுனீங்களா?” என்று கேட்டாள்.

வெட்டினேனா? நினைவில்லை.

“பரவால்லக்கா. எனக்கும் ஒரு எடத்துல கணக்கப்புள்ள பேப்பருக்குள்ள போயிட்டாருன்னுதான் நெனைக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கரகரவென்று சிரித்தாள். முடிவு வரும்வரை அந்தத் தொரைசாணி என்னைப் பாடாய்ப் படுத்தினாள். திருத்துகிறவர் யாராக இருந்தாலும் அவர் மலையகத்து ஆளாக இருக்கவேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டேன்.

முடிவு வந்தபோது கடையில் இருந்தேன். புடவைக் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று போனைப் பார்த்தேன். அவளுக்கு ஏ. எனக்கு சி, பாஸ்தான். அந்த ஒற்றை எழுத்தை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அப்பாவிடம் சொன்னேன். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு அன்றைக்கே பசறைக்குப் பஸ் ஏறினேன். லயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்து எல்லோரும் வந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அன்றைக்குத்தான் அதை வாய்விட்டுச் சொன்னேன். அவள் அம்மா என் வாயில் சீனியைத் திணித்தார். அத்தை சுவருக்கு மேலால் கையை நீட்டி லட்டு வாங்கிக்கொண்டார். எல்லாக் காம்பராவுக்கும் லட்டு போய்ச் சேர்ந்தது.

கடைசிக் காம்பராவிலிருந்து குரல் வந்தது.

“ரெண்டு பேரும் பாஸாயிட்டீங்க, சந்தோசம். ஆனா அந்தச் சின்னத் தொரைய ஒரு தீவுல எறக்கி வுட்டுட்டு, பரீச்சைன்னு ஓடிட்டீங்களே, அது நல்லாவா இருக்கு? அவன் அங்கயே கெடந்தானா, இல்ல வந்தானா?”

சின்னத் தொரை என்றால், புரட்சிக்குப் பிறகு தானே சக்கரவர்த்தியாகி, பாதி ஐரோப்பாவைப் பிடித்து, கடைசியில் தோற்றுப்போன அந்தக் குட்டைத் தளபதி. உண்மைதான். நாங்கள் பரீட்சைக்குக் கிளம்பிய நாளில் எதிரிகள் அவனை ஒரு சின்னத் தீவில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அக்கா விட்ட கதையை அக்காதான் முடிக்கவேண்டும் என்று அவள் சொல்ல மறுத்துவிட்டாளாம்; அத்தனை மாதமும் லயம் அவனுக்காகக் காத்திருந்திருக்கிறது.

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு இப்போது முழுக் குரலும் இருந்தது. ஆனால் லட்டுவை மென்றுகொண்டு, “அக்கா சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கையில் புத்தகம் இல்லை. பதுளையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். சொன்னேன். காவலுக்கு இருந்தவர்கள் அசந்த நேரம் பார்த்துக் கப்பலேறி வந்ததைச் சொன்னேன். அவனைப் பிடிக்கப் புது ராஜா அனுப்பிய பட்டாளம் வழியை மறித்து நின்றதைச் சொன்னேன். அந்தப் பட்டாளத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் அவனிடமே வேலை செய்தவர்கள். அவன் தனியாக முன்னால் நடந்து வந்து, கோட்டைத் திறந்து நெஞ்சைக் காட்டி, ‘ஒங்க பழைய தொரைய சுடணும்னு நெனைக்கிறவன் சுடு’ என்றான்.

“சுட்டானுங்களா?” என்று அத்தை கேட்டார்.

“ஒருத்தன்கூடச் சுடல அத்தை. துவக்கக் கீழ போட்டுட்டு ஓடிவந்து அவன்கூடச் சேந்துக்கிட்டானுங்க!”

லயம் அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். மாமா தகரத்தைத் தட்டினார். இவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள், கண் கலங்கியிருந்தது. நான் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த சண்டையை எடுப்பதற்கு மூச்சை இழுத்தேன்.

“நிறுத்து புள்ள” என்றார் மாமா. “இனி அவன் தோக்கப் போறான், அப்பிடித்தானே?”

“ஆமாங்க மாமா.”

“அத நாளைக்கிச் சொல்லு. இன்னைக்கி ராவாவது அவன் ஜெயிச்சவனாத் தூங்கட்டும்.”

நானும் அவளும் எழுந்து கோயில் வளைவுக்கு நடந்து போய் என் அம்மாவுக்குப் போன் எடுத்தோம்.

“நாளன்னைக்கு வாறேம்மா” என்றேன்.

“ஏண்டி, பஸ் இல்லையா?”

“பஸ் இருக்கும்மா. கதை பாக்கி இருக்கு.”